தண்ணிக்கு பஞ்சாயத்து எல்லை தெரியாது: ஆறேழு ஊர் சேந்து வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பிளான் போடுறது எப்படி

வருஷா வருஷம் அக்டோபர் பொறந்தா எங்க வாட்ஸ்அப் குரூப்ல இந்த கேள்வி வந்துடும், "நம்ம ஏரியைத்தான் தூர் வாரிட்டோமே, கரையும் போட்டாச்சு, அப்புறம் எப்படி தெருவுக்குள்ள தண்ணி வருது?" பதில் ரொம்ப சிம்பிள். அந்தத் தண்ணி உங்க ஏரித் தண்ணியே இல்ல, மேல் ஊர் ஏரி நெறஞ்சு கலங்கல் (ஏரி நெறஞ்சா உபரித் தண்ணி வழிஞ்சு போற எடம்) தாண்டி வந்த தண்ணி, போற வழியில கீழ் ஊர் கால்வாய் அடைச்சிருக்கறதால உங்க கிட்டயே நின்னுடுச்சு, அவ்ளோதான்.

பருவநிலை மாற்றம், தகவமைப்பு, பிராந்திய ஒத்துழைப்புன்னு கூட்டத்துல பெரிய பெரிய வார்த்தை போட்டு பேசுவாங்க, பயப்படாதீங்க. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாதிரி ஏரி மாவட்டத்துல அதுக்கு அர்த்தம் என்னன்னா, ஒரே தண்ணி போற வழியில இருக்கிற ஊரெல்லாம் மழைக்கு முன்னாடியே உக்காந்து பேசி ஒரே பிளான் வெச்சுக்கறது. இந்த வேலைக்கு புதுசா வர்றவங்களுக்காக நான் கத்துக்கிட்டதை எழுதறேன், நானும் இஞ்சினியர் எல்லாம் கிடையாது, வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி வந்ததுக்கு அப்புறம் இதுல இறங்கினவன்தான்.

ஏன் தனியா பண்ணா வேலைக்கு ஆகாது

அடையாறையே எடுத்துக்கங்க. அது செம்பரம்பாக்கம் ஏரியில ஆரம்பிக்குதுன்னு பாதி பேர் இன்னும் நெனச்சிட்டு இருக்காங்க. உண்மையில ஆதனூர் ஏரிப் பக்கம் கிளம்பி மணிமங்கலம், வரதராஜபுரம், முடிச்சூர்னு சுத்தி இருக்கிற எக்கச்சக்க ஏரிகளோட உபரியை வாங்கிக்கிட்டு வருது, திருநீர்மலை கிட்டதான் செம்பரம்பாக்கம் தண்ணி அதுல சேருது. 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்துல தொறந்த விநாடிக்கு 29,000 கனஅடிதான் எல்லார் ஞாபகத்துலயும் இருக்கு, ஆனா அது சேர்ற எடத்துக்கு மேல இருக்கிற முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகினதுக்கு அந்த ஷட்டர் எப்படி காரணமாகும்? அங்க வந்தது மேல இருக்கிற சின்னச் சின்ன ஏரிங்க ஒண்ணொண்ணா நெறஞ்சு, சிலது உடைஞ்சு, மொத்தமா எறங்கின தண்ணி. அதுக்கு ஷட்டரும் கிடையாது, திறக்கப் போறோம்னு சொல்ல ஆளும் கிடையாது.

இதுல இன்னொரு கூத்து, 2015ல இந்த வழி முக்கால்வாசி ஒரே காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பர்ல செங்கல்பட்டு தனியா பிரிஞ்சது, இப்ப அதே தண்ணி ரெண்டு கலெக்டர் எல்லைக்குள்ள மாறி மாறிப் போய், தாம்பரம் மாநகராட்சியைத் தொட்டு, அப்புறம் சென்னைக்குள்ள நுழையுது. தமிழ்நாட்டுல 17 ஆற்றுப் படுகை, அதுக்குள்ள 127 துணைப் படுகைன்னு அரசாங்கமே பிரிச்சு வெச்சிருக்கு, அதுல ஒண்ணாவது தாலுகா எல்லையோட பொருந்துமான்னா பொருந்தாது. எல்லையை மாத்த நம்மால முடியாது, ஆனா எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஆளுங்க ஒருத்தர் நம்பரை ஒருத்தர் வெச்சுக்கலாம்ல.

முதல் வேலை: உங்க சங்கிலியைக் கண்டுபிடிங்க

ஒரு ஏரியோட கலங்கல் தண்ணி அடுத்த ஏரிக்கு வரத்து, அதோட கலங்கல் அதுக்கு அடுத்ததுக்கு, இப்படி சங்கிலி மாதிரி போகும். தெற்கே ஏரியை கண்மாய்னு சொல்வாங்க, கலங்கலை மறுகால்னு சொல்வாங்க, விஷயம் ஒண்ணுதான். உங்க ஏரியில இருந்து மேல மூணு, கீழ மூணு, இதை மட்டும் முதல்ல புடிங்க. மொத்த ஆத்தையும் எடுத்துக்கிட்டா ஆறு மாசத்துல டயர்ட் ஆகி விட்டுடுவீங்க, நெறைய பேர் அப்படித்தான் காணாம போனாங்க.

முதல்ல கூகுள் எர்த்தை கம்ப்யூட்டர்ல தொறந்து பழைய வருஷப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பாருங்க, இப்ப நகர்னு போர்டு இருக்கிற எடத்துல 2004, 2005 படத்துல பச்சையா ஒரு வளைவு தெரியும், பெரும்பாலும் அதுதான் கால்வாய் போன வழி. கர்சரை வெச்சா கீழ உயரம் காட்டும், ஆனா அதை ரொம்ப நம்பாதீங்க, சமவெளியில ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் தப்பு வந்தாலே தண்ணி எந்தப் பக்கம் போகும்னு தலைகீழா சொல்லிடும். அப்புறம் கிராம வரைபடம், அ-பதிவேடு (எந்த சர்வே நம்பர் என்ன நிலம்னு எழுதியிருக்கிற ஊர்க் கணக்கு), புலப்படம் (அந்த சர்வே நம்பரோட அளவு போட்ட படம்). அ-பதிவேடும் புலப்படமும் அரசோட இ-சேவை தளத்துல சர்வே நம்பர் போட்டா வந்துடும், கிராம வரைபடத்துக்கு விஏஓவைத்தான் புடிக்கணும். அ-பதிவேட்டுல ஏரி, வாய்க்கால், ஓடை, தாங்கல், வண்டிப்பாதைன்னு போட்டிருக்கிற சர்வே நம்பரை எல்லாம் தனியா எழுதிக்கங்க, தாங்கல்னு பேர் இருந்தா விடவே விடாதீங்க, அது சின்ன ஏரி, இன்னைக்கு அதுதான் பிளாட் ஆகியிருக்கும்.

பேப்பர் முடிஞ்சா நடங்க. ரெண்டு தடவை நடக்கணும், மே மாசம் ஒரு தடவை, மழை பெய்யும்போது ஒரு தடவை. மே மாசம் நடந்தா கல்வெட்டு எங்க மண்ணு மூடியிருக்குன்னு தெரியும் (நான் சொல்றது ரோட்டுக்கு அடியில தண்ணி போற கல்வெட்டு, ராஜராஜ சோழன் கல்வெட்டு இல்ல), மழையில நடந்தா தண்ணி மேப்பை மதிக்குதான்னு தெரியும். நடக்கும்போது ஊர்ல நீர்க்கட்டியா வேலை பாத்த குடும்பத்துல யாராவது இருந்தா கூட்டிட்டு போங்க, மதகு திறந்து வயலுக்கு முறை வெச்சு தண்ணி விட்டவங்க அவங்க. எங்க சங்கிலியில எண்பது வயசுக்கு மேல ஒரு பெரியவர், கண்ணு சரியா தெரியாது, ஆனா கால்ல நடந்து பாத்தே "இங்க ஒரு கிளை வாய்க்கால் பிரியணுமே"ன்னு நின்னாரு, சர்வே மேப்ல பாத்தா இருக்கு, தரையில பாத்தா கல்யாண மண்டபம்.

அடுத்து: எது யாரோடது

இதுக்கு ஒரு நோட்டு போடுங்க, எக்செல் தெரிஞ்சா எக்செல். பொதுவா 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு (ஏரித் தண்ணி பாயற நிலம்) இருக்கிற ஏரி நீர்வளத்துறை, அதுக்குக் கீழ உள்ளது ஊராட்சி ஒன்றியம், குளம் குட்டையெல்லாம் ஊராட்சி. நடுவுல கோயில் குளம் வரும், காட்டு இலாகா எடம் வரும். கால்வாய் கடக்கிற ரோடு நெடுஞ்சாலைத் துறையா, ஒன்றிய ரோடா, ரயில்வேயா அதையும் குறிங்க. ஒரே கால்வாய்ல மூணு கிலோமீட்டருக்குள்ள அஞ்சு துறை எங்களுக்கு வந்துச்சு, அதனாலதான் எந்த ஆபீஸ் போனாலும் "அது எங்க லிமிட் இல்லீங்க"ன்னு சொல்றாங்க, அவங்க பொய் சொல்லல, அவங்க லிமிட் அங்க முடியுது. உங்க நோட்டுதான் முதல் தடவையா எல்லாத்தையும் ஒரே பக்கத்துல காட்டப் போகுது, அதனால அதை அழகா பண்ணுங்க, பின்னாடி கலெக்டர் முன்னாடி வைக்கப் போறது அதைத்தான்.

கீழ் ஊருக்கு முதல்ல போங்க

எல்லாரும் பண்ற தப்பு, மேல் ஊருக்குப் போய் "உங்க தண்ணி எங்க வீட்டுக்கு வருது"ன்னு சண்டை போடறது. அதை விட்டுட்டு முதல்ல உங்களுக்குக் கீழ இருக்கிற ஊருக்குப் போங்க, "எங்க தண்ணியால உங்களுக்கு என்ன கஷ்டம் வருது?"ன்னு கேளுங்க. ஒரு நிமிஷம் அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, இதுவரைக்கும் யாரும் வந்து அப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க. அப்புறம் கொட்டுவாங்க, வாங்கிக்கங்க, எதிர்த்துப் பேசாதீங்க.

எங்க கதையைச் சொல்லிடறேன், வெக்கமாத்தான் இருக்கு. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் மழை சரியில்லாத ஒரு வருஷம் நாங்க எங்க கலங்கல் மேல மணல் மூட்டை அடுக்கினோம், ஒரு அடி தண்ணி கூட நிக்கட்டும்னு. எங்களுக்கு சந்தோஷம், போர்வெல்ல தண்ணி நின்னுச்சு. கீழ் ஊர் ஏரிக்கு அந்த வருஷம் ஒரு சொட்டு போகல, அவங்க நாத்து காஞ்சுது. அடுத்த மழையில அந்த மூட்டையை யாரும் எடுக்கல, நீர்பிடிப்புக்குள்ள வீடு கட்டினவங்க ராத்திரியில வந்து ஒரு பக்கம் கரையையே கொத்தி விட்டுட்டாங்க, போன தண்ணி அதே கீழ் ஊருக்குள்ள. அவங்க பக்கத்துல இருந்து பாத்தா நாங்க தேவையானப்ப தராம, வேணாம்னப்ப தள்ளி விட்ட ஊர். இதை முதல் மீட்டிங்லயே நாங்களே ஒத்துக்கிட்டோம், அதுக்கப்புறம்தான் அவங்க டீ குடிச்சாங்க.

மீட்டிங் பஞ்சாயத்து ஆபீஸ்ல வேணாம், ரெண்டு ஊருக்கும் பொதுவான கோயில் மண்டபமோ ஸ்கூல் மரத்தடியோ பாருங்க. தலைவருங்களை மட்டும் கூப்பிட்டா போதாது (தேர்தல் நடக்காத காலத்துல தலைவரே இருக்க மாட்டாரு, தனி அலுவலர்தான் இருப்பாரு, அப்ப கிளர்க்கைப் புடிங்க). பாசன சங்கத் தலைவர் வரணும், நகர் நலச் சங்கத்துக்காரங்க வரணும், மீன் பாசி குத்தகை எடுத்தவரு கண்டிப்பா வரணும், இவரை எல்லாரும் மறந்துடுவாங்க, ஆனா எப்ப தண்ணி எறங்கணும் எப்ப நிக்கணும்னு ஏரிக்கரையில தினமும் நிக்கிற ஆளு அவர்தான். மே மாசம் குடத்தோட லாரிக்கு நிக்கிற அக்காங்களையும் கூப்பிடுங்க, வெள்ளத்தைப் பத்தி மட்டும் பேசிட்டு எழுந்திரிக்கப் போனா அவங்கதான் "கோடைக்கு என்ன வழி?"ன்னு உக்கார வைப்பாங்க.

ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும், இந்தக் கூட்டத்துல எல்லாரும் ஒரே கட்சி இல்ல. விவசாயிக்கு ஏரி நெறஞ்சு இருக்கணும், நகர்க்காரருக்கு காலியா இருக்கணும், மேல் ஊருக்கு தண்ணி சீக்கிரம் போகணும், கீழ் ஊருக்கு மெதுவா வரணும். இதை மூடி மறைச்சு "எல்லாரும் ஒண்ணா இருப்போம்"னு போட்டோ எடுத்துக்கிட்டா முதல் மழையிலயே கிழிஞ்சுடும், முரண்பாட்டை போர்டுல எழுதிப் போட்டுட்டே பேசுங்க.

எல்லாருக்கும் ஒரே கணக்கு

அமெரிக்காவுல தெற்கு ஃப்ளோரிடாவுல நாலு கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, 2010ல பருவநிலை விஷயத்துல சேந்து வேலை செய்ய ஒப்பந்தம் போட்டாங்க, மயாமி இருக்கிற கவுண்டியும் அதுல ஒண்ணு. அவங்க முதல்ல பண்ணது சுவர் கட்டறது இல்ல, கடல் மட்டம் எவ்வளவு உயரும்னு நாலு பேருக்கும் பொதுவா ஒரே கணக்கு போட்டாங்க, 2011ல அது வந்துச்சு, அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் திருத்திக்கிறாங்க. ஆளுக்கொரு நம்பர் வெச்சிருந்தா ஆளுக்கொரு உயரத்துக்குத்தான் ரோடு போடுவாங்க. இதை நான் படிச்சப்ப நம்ம ஊர் ஞாபகம்தான் வந்துச்சு, "நேத்து பேய் மழை"ன்னு மேல் ஊர் சொல்லும், "இங்க தூறல்தான்"னு கீழ் ஊர் சொல்லும், ரெண்டும் உண்மையா இருக்கும்.

நமக்கு மூணு நம்பர் போதும்.

மழை அளவு. நேரான பக்கமும் தட்டையான அடியும் இருக்கிற எந்தப் பாத்திரமும் மழைமானிதான், வாய் அகலம் அடி அகலம் ஒண்ணா இருந்தா உள்ள நிக்கிற தண்ணியை ஸ்கேல் வெச்சு அளந்தா அதுதான் மில்லிமீட்டர். மரத்தடி, கூரை ஓரம் வேணாம், வெட்டவெளியில வைங்க. வானிலை மையம் காலை 8.30க்கு அளக்கறாங்க, நீங்களும் அதே நேரம் அளங்க, அப்பதான் அவங்க நம்பரோட ஒப்பிட முடியும். ஊருக்கு ஒரு ஸ்கூல் பசங்களை புடிச்சா இது தானா நடக்கும், பெரியவங்களை நம்பினா ஒரு வாரம்.

ஏரி மட்டம். கலங்கல் உச்சியை பூஜ்யமா வெச்சு கீழ ஒவ்வொரு அடிக்கும் மதகு சுவர்ல பெயின்ட்ல கோடு. "கலங்கலுக்கு ரெண்டடி கீழ"ன்னு போன்ல சொன்னா ஆறு ஊருக்கும் ஒரே அர்த்தம். நீர்வளத்துறை ஏரியா இருந்தா ஏஈ (உதவிப் பொறியாளர்) கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அடிங்க.

மூணாவது, ரொம்ப முக்கியம், நேரம். மேல் கலங்கல் தாண்டின நேரம், உங்க ஏரிக்கு தண்ணி வந்து சேர்ந்த நேரம், ரெண்டையும் எழுதி வைங்க. ரெண்டு மழைக்காலம் எழுதினா "அங்க தாண்டினா இங்க இத்தனை மணி நேரத்துல வரும்"னு கையில வந்துடும். நூறு பக்க ரிப்போர்ட்ல இல்லாத நம்பர் இது.

தண்ணியோட அளவை ஜனங்களுக்குப் புரிய வைக்க ஒரு கணக்கு சொல்றேன். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்பிடிப்புல 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 10 கோடி லிட்டர். அதுல பாதி ஓடி வந்தாலும் 5 கோடி, 12,000 லிட்டர் லாரியில கணக்கு போட்டா நாலாயிரத்துக்கு மேல லாரி. இதை மீட்டிங்ல சொன்னா "ரெண்டு மோட்டார் வெச்சு எறைச்சுடலாம்"னு பேசறவரு அமைதியாயிடுவாரு.

சரி, எவ்வளவு மழைக்கு பிளான் போடறது? பழைய கலங்கல் எல்லாம் பழைய மழைக்குக் கட்டினது, சுத்தி வயலா இருந்த காலத்துக்குக் கட்டினது. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் ஈரப்பதம் கூட புடிச்சு வெச்சுக்கும், கொட்டும்போது மொத்தமா கொட்டுது. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர், வடகிழக்குப் பருவமழை மூணு மாசத்துக்கும் சேத்து தமிழ்நாட்டுக்கு சராசரியே சுமார் 44 சென்டிமீட்டர்தான். அந்த வெள்ளத்துல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் பல குளம் உடைஞ்சது. அடுத்த வருஷம் ஃபெஞ்சல் புயல்ல விழுப்புரம் மாவட்டத்து மயிலத்துல 51 சென்டிமீட்டர். அதுக்கெல்லாம் கரை கட்ட நம்மால முடியாதுங்க, நான் சொல்றது ஒரு கைக்கணக்கு: உங்க சங்கிலியில இதுவரைக்கும் தண்ணி ஏறின அதிகபட்ச அடையாளத்தை எல்லா ஊர்லயும் குறிங்க, வேலையெல்லாம் அதுக்கு மேல ஒரு அடி வெச்சு யோசிங்க, அதுக்கும் மேல வந்தா ஆளைக் காப்பாத்தற பிளான் மட்டும்தான். இஞ்சினியர் வேற நம்பர் சொன்னா அதை எடுத்துக்கங்க, ஆனா ஆறு ஊரும் அதே நம்பரை எடுத்துக்கங்க.

வேலை வரிசை: வால்ல இருந்து தலைக்கு

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கறதா இருந்தா இதை வெச்சுக்கங்க. தூர் வாரறது, கால்வாய் அகலப்படுத்தறது எல்லாம் கீழ இருந்து மேல வரணும். மேல் ஊர்ல முதல்ல கால்வாயை வெட்டி கான்கிரீட் போட்டீங்கன்னா தண்ணி ஜம்முனு வேகமா எறங்கும், கீழ இன்னும் பழைய அடைச்ச கல்வெட்டு, அங்க போய் முட்டிக்கிட்டு நிக்கும். பணம் முதல்ல எந்த ஊருக்கு வருதோ அங்க வேலை ஆரம்பிக்கறதுதான் நடைமுறை, அதனாலதான் பாதி வேலை வெள்ளத்தை இடம் மாத்தி வைக்கிற வேலையா முடியுது.

அதனால முதல்ல கடைசி ஏரியோட போக்குக் கால்வாய், அப்புறம் அதுக்கு மேல இருக்கிற கல்வெட்டு, அப்புறம் அடுத்த கலங்கல்னு வரிசை போடுங்க. எங்க சங்கிலியில மொத்த தண்ணியும் ஒரே ஒரு ரோட்டுக்கு அடியில ரெண்டு பைப்ல போகணும், அந்த பைப் மேல நாங்க ஒருத்தரும் கண்ணு வெக்கல, எல்லாரும் அவங்கவங்க ஏரியை ஆழப்படுத்திக்கிட்டு இருந்தோம்.

ஆழப்படுத்தறதைப் பத்தியும் ஒண்ணு. மதகு மட்டத்துக்குக் கீழ தோண்டினா அந்தத் தண்ணி வயலுக்கு வராது, ஆடு மாடு குடிக்கும், கொஞ்சம் நிலத்தடிக்குப் போகும், அவ்ளோதான், வெள்ளத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா முதல் மழையிலயே அந்தக் குழி நெறஞ்சுடும். வண்டல் எடுக்கணும்னா பரவலா எடுங்க, விவசாயிங்க வயலுக்கு அடிச்சுக்க தாசில்தார் ஆபீஸ்ல அனுமதி வாங்கலாம். அனுமதி வாங்கின பேர்ல செங்கல் சூளைக்கு லோடு போகுதான்னு ஒரு கண்ணு இருக்கட்டும். கரை மேல நடைபாதை, நடுவுல தீவு, சுத்தி சிமென்ட் சுவர் இதெல்லாம் திறப்பு விழாவுக்கு நல்லா இருக்கும், தண்ணி நிக்கிற எடத்தைக் குறைச்சுட்டு அழகு பண்றதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆக்கிரமிப்பு வராம இந்தப் பேச்சு முடியாது. 2007ல வந்த ஏரி பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கு, நீர்வளத்துறை ஏரிகளை அளந்து எல்லை போட அதுல வழி இருக்கு. ஆனா நடைமுறையில முதல்ல இடிபடறது ஓலை வீடும் ஷீட் வீடும்தான், அப்ரூவல் வாங்கி கால்வாய் மேல நிக்கிற பெரிய கட்டடம் அப்படியே நிக்குது. உங்க லிஸ்ட்ல ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதுங்க, தண்ணியை எது எவ்வளவு தடுக்குதுன்னு அகலத்தை அளந்து போடுங்க. சின்ன வீட்டை மட்டும் காட்டிக் குடுக்கற லிஸ்ட்டா அது மாறினா அந்தத் தெருக்காரங்க அடுத்த மீட்டிங்குக்கு வர மாட்டாங்க, வரவும் தேவையில்ல.

போன் சங்கிலி

2024 டிசம்பர் 2 விடியக்காலையில சாத்தனூர் அணையில இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தென்பெண்ணையில போச்சு. அணை இருக்கறது திருவண்ணாமலை மாவட்டம், தண்ணி போய் புகுந்தது விழுப்புரம், கடலூர் பக்கத்து ஊருங்க. எச்சரிக்கை குடுத்தோம்னு அரசு சொன்னுச்சு, எங்களுக்கு வரலன்னு ஜனங்க சொன்னாங்க. யார் சரின்னு நான் தீர்ப்பு சொல்லல, மேல இருந்து அனுப்பினதுக்கும் கடைசி வீட்டுல கதவைத் தட்டறதுக்கும் நடுவுல ஒரு ஆள் வேணும், அந்த ஆள் யாருன்னு முன்னாடியே பேர் போட்டு வெச்சிருக்கணும்.

ஊருக்கு மூணு பேர், ஒருத்தர் போன் எடுக்கலன்னா அடுத்தவர். கலங்கலுக்கு ரெண்டடி கீழ வந்தா முதல் போன், அரை அடி வந்தா ரெண்டாவது, தாண்டினதும் மூணாவது. போன்தான், வாட்ஸ்அப் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு குட்மார்னிங் குரூப்ல போட்ட மெசேஜை யார் பாப்பா? டவர் போயிடும், அதுக்கு கோயில் மைக், மசூதி ஒலிபெருக்கி, சர்ச் மணி, எது இருக்கோ அது, கரண்ட் இல்லாம ஓடற மாதிரி பேட்டரியோட. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, இதை மதகு சுவர்லயே எழுதிடுங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்க, கர்ப்பிணிங்க, டயாலிசிஸ் போறவங்க லிஸ்ட் அங்கன்வாடி அக்கா கிட்டயும் கிராம நர்ஸ் கிட்டயும் ஏற்கனவே இருக்கும், புதுசா சர்வே எடுக்காதீங்க.

கோடைக்கு

மேல சொன்னதே திரும்ப, தலைகீழா. மழை குறைஞ்ச வருஷம் மேல் ஏரி முழுசா நெறஞ்சுட்டுதான் கீழ விடணுமா, இல்ல பாதி நெறஞ்சதும் மதகு வழியா கொஞ்சம் கீழ விடலாமான்னு மழைக்கு முன்னாடியே முடிவு பண்ணி எழுதிக்கங்க. நடுவுல உக்காந்து பேசி முடியாது, அப்ப எல்லார் பயிரும் காஞ்சுட்டு இருக்கும். குடிதண்ணி கெணறு எந்த ஏரி ஊறலை நம்பி இருக்கோ அந்த ஏரியில குறைஞ்சபட்சம் இவ்வளவு நிக்கணும்னு ஒரு கோடு போட்டு, அதுக்குக் கீழ யாரும் மோட்டார் போடக்கூடாதுன்னு வெச்சா பாதி சண்டை குறையும். 2019ல ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு, நம்ம கிராமத்துக்கெல்லாம் யாரும் ரயில் விட மாட்டாங்க.

பேப்பர் வேலை

எல்லா ஊரும் ஒரே வாசகத்துல தீர்மானம் போடுங்க, இதுதான் டிரிக். ஒரு ஊர் மனு குடுத்தா அது ஒரு மனு, ஆறு கிராம சபையில ஒரே நாள் ஒரே தீர்மானம் வந்தா அது பேப்பர்ல வர்ற விஷயம். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலக தண்ணீர் தினம், நம்ம வேலைக்குப் பொருத்தமானது, மழைக்கு முன்னாடி டைமும் இருக்கு. தீர்மானத்துல "நடவடிக்கை எடுக்க வேண்டும்"னு எழுதாதீங்க, எந்த சர்வே நம்பர், எந்த கல்வெட்டு, என்ன அகலம், எந்தத் துறை, அதை எழுதுங்க.

அப்புறம் ஆறு ஊர் காப்பியும் சேத்து, உங்க நோட்டையும் வெச்சு, திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர்கிட்ட. ஏன் கலெக்டர்னா, 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் அவர், மாநில காலநிலை மாற்ற இயக்கத்துல மாவட்ட அளவுக்கு இயக்குநரும் அவர்தான், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். மாவட்டத் திட்டக் குழுன்னு ஒண்ணு இருக்கு, பேரே யாருக்கும் தெரியாது, அரசியலமைப்புச் சட்டத்துல 243இசட்டி (243ZD) பிரிவு, ஊராட்சியும் நகராட்சியும் தண்ணியைப் பகிர்ந்துக்கற மாதிரி பொது விஷயத்தை சேத்து திட்டம் போடணும்னே அதுல எழுதியிருக்கு. மனுவுல அந்தப் பிரிவு நம்பரைப் போடுங்க, படிக்கிற அதிகாரி நிமிர்ந்து உக்காருவாரு. உங்க சங்கிலி ரெண்டு மாவட்டத்துல போனா ரெண்டு கலெக்டருக்கும் ஒரே நாள்ல குடுங்க, ஒவ்வொரு காப்பியிலயும் இன்னொருத்தருக்கு நகல்னு எழுதிடுங்க.

பணம்? நிதிக்குழு மானியத்துல தண்ணிக்குன்னே ஒதுக்கின பங்கு, நூறு நாள் வேலை (விதி அப்பப்ப மாறுது, பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸ்ல கேட்டுக்கங்க), பக்கத்து கம்பெனியோட சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பொறுப்பு நிதி. கம்பெனி காசு வாங்கினா அவங்க பேர் பலகை எந்த ஏரியில வேணா வைக்கட்டும், வேலை வரிசையை மட்டும் அவங்க முடிவு பண்ணக்கூடாது, ரோட்டோரம் தெரியற ஏரிதான் அவங்களுக்கு வேணும்.

மதுரைப் பக்கம் தானம் அறக்கட்டளைக்காரங்க வயலகம்னு கண்மாய் விவசாயிகளை சங்கமா சேத்து, ஒரே தொடர்ல இருக்கிற கண்மாய்களை ஒண்ணா வெச்சு ரொம்ப வருஷமா வேலை செய்றாங்க, முடிஞ்சா ஒரு நாள் போய்ப் பாருங்க, நாம தலையைப் பிச்சுக்கற பாதி கேள்விக்கு அங்க பதில் இருக்கு.

வருஷம் எப்படி ஓடும்

பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் நடை, அளவு, தீர்மானம். ஜூன்ல இருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குள்ள மண் வேலை, அதுக்கு மேல போனா ஜேசிபி சேத்துல மாட்டும். செப்டம்பர் கடைசியில ஆறு ஊர் ஆளும் சேந்து ஒரே நாள்ல வால்ல இருந்து தலைக்கு நடங்க, போன் நம்பரெல்லாம் போட்டுப் பாருங்க, மூணுல ஒண்ணு மாறியிருக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எழுதறது மட்டும்தான் வேலை.

மழை முடிஞ்சதும் ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போடாதீங்க. தண்ணி ஏறின சேத்துக் கோடு சுவர்ல அப்படியே இருக்கும், அதை ஒவ்வொரு தெருவுலயும் ஸ்கேலோட போட்டோ எடுத்து, பக்கத்துல ஆணி அடிச்சு குறி வெச்சுடணும், அடுத்த வருஷ பிளானுக்கு அதை விட நல்ல ஆதாரம் கிடையாது. போகிக்கு முன்னாடி முடிச்சுடுங்க, பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிச்சாங்கன்னா எல்லாம் போச்சு, எங்களுக்கு ஒரு வருஷம் அப்படித்தான் போச்சு.